மெனு இரண்டாம் தட்டலில்தான் திறக்கிறதா? ஸ்டைலை ஜாவாஸ்கிரிப்ட் பிழையாக வாசிக்கும் இடங்கள்

காலி வீதிப் புடவைக்கடையின் சைட்டாக இருக்கட்டும், கொட்டாஞ்சேனையில் கல்யாணச் சாப்பாட்டுக்கு ஓடர் எடுப்பவரின் சைட்டாக இருக்கட்டும், "பட்டன் வேலைசெய்யுதில்லை, ஒருக்காப் பாருங்கோ" என்று கைக்கு வருகிறவற்றில் இந்த ஒரு கோளாறு மட்டும் ஓய்வதே இல்லை. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், அதாவது ஸ்கிரிப்ட், மெனு, பட்டன் போன்ற ஓர் உறுப்பின் நிறத்தையோ அகலத்தையோ கேட்கிறது. பிழையான இடத்தில் போய்க் கேட்கிறது. கிடைத்த பதிலை நம்பி அடுத்த காரியத்தைச் செய்கிறது.

கேட்க மூன்று இடங்கள் உண்டு. எலிமெண்ட்.ஸ்டைல் அந்த உறுப்பின் எச்டிஎம்எல் டேக்கின் மேலேயே எழுதியதை, அதாவது இன்லைன் ஸ்டைலை, மட்டும் சொல்லும். ஸ்கிரிப்ட் பிறகு அங்கே எழுதியதும் அதில் சேர்த்தி. கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் எல்லா ஸ்டைல்ஷீட்டையும் (நிறம், அளவு போன்ற விதிகளை எழுதிவைக்கும் சிஎஸ்எஸ் கோப்பு), இன்லைனையும், மேல் உறுப்பிலிருந்து இறங்கி வந்ததையும் கூட்டிக்கழித்துக் கடைசியில் முடிவானதைச் சொல்லும். டாக்குமெண்ட்.ஸ்டைல்ஷீட்ஸ் வழியாகப் போனால் கோப்பில் எழுதிய விதி கிடைக்கும். அது வென்றதா தோற்றதா என்று அதற்குத் தெரியாது. புடவையில் குத்திய சீட்டு முதலாவது, கவுண்டரில் வரும் பில் இரண்டாவது, சுவரில் தொங்கும் விலைப்பட்டியல் மூன்றாவது. சீட்டு இல்லை என்பதற்காகப் புடவை இலவசமாகிவிடாது.

கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எதற்கும் முன்பு: இரண்டு வரிச் சோதனை

எஃப்12 அழுத்துங்கள், பிரவுசரின் டெவலப்பர் கருவிகள் திறக்கும். சிக்கல் தரும் உறுப்பை எலிமெண்ட்ஸ் பகுதியில் தெரிவு செய்யுங்கள். அப்புறம் கன்சோலில் இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள்:

$0.ஸ்டைல்.டிஸ்ப்ளே
கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்($0).டிஸ்ப்ளே

$0 என்பது நீங்கள் தெரிவு செய்த உறுப்பு. டிஸ்ப்ளே இருக்கும் இடத்தில் நிறம், அகலம் என்று உங்களுக்கு வேண்டிய பண்பைப் போட்டுக்கொள்ளலாம். முதலாவது வெறும் மேற்கோள் குறிகளையும் இரண்டாவது ஒரு மதிப்பையும் தந்தால் உங்கள் கோளாறு கீழே எங்கோ இருக்கிறது. இரண்டும் ஒன்றையே சொன்னால் ஐடி (ஸ்கிரிப்ட் அந்த உறுப்பைக் கண்டுபிடிக்கும் பெயர்) பிழையாக இருக்கிறதா, அதே ஐடி பக்கத்தில் இரண்டு முறை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அறிகுறி: முதல் தட்டலில் ஒன்றும் நடக்காது, இரண்டாவதில் திறக்கும்

ஸ்கிரிப்டைத் திறந்தால் அநேகமாக இப்படி இருக்கும்:

இஃப் (மெனு.ஸ்டைல்.டிஸ்ப்ளே === 'நன்') {
  மெனு.ஸ்டைல்.டிஸ்ப்ளே = 'பிளாக்';
} எல்ஸ் {
  மெனு.ஸ்டைல்.டிஸ்ப்ளே = 'நன்';
}

டிஸ்ப்ளே 'நன்' என்றால் உறுப்பு மறையும், 'பிளாக்' என்றால் தெரியும். இங்கே மெனுவை மறைத்து வைத்திருப்பது சிஎஸ்எஸ் கோப்பு. டேக்கின் மேல் ஒன்றும் எழுதப்படவில்லை. ஆகவே முதல் தட்டலில் கிடைப்பது வெற்றுச் சரம், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரை. அது 'நன்' இல்லை. எல்ஸ் பக்கம் போய், ஏற்கெனவே மறைந்திருக்கும் மெனுவை இன்னொரு தடவை மறைக்கிறது. இப்போதுதான் இன்லைனில் 'நன்' விழுகிறது. இரண்டாம் தட்டல் அதைப் பார்த்துத் திறக்கிறது. அதன் பிறகு பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். கடைக்காரர் "சிலநேரம் வேலைசெய்யுது, சிலநேரம் இல்லை" என்று சொல்வதும் இதனால்தான்.

*உடனடித் திருத்தம்.* நிபந்தனையில் மெனு.ஸ்டைல்.டிஸ்ப்ளே இருக்கும் இடத்தில் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்(மெனு).டிஸ்ப்ளே என்று மாற்றுங்கள். எழுதும் இடங்களைத் தொடவேண்டாம், வாசிக்கும் இடம் மட்டும்.

*அதற்குப் பிறகும் குழப்பம்: மெனு திறக்கிறது, ஆனால் ஒரே வரியில் நிற்கவேண்டியவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன.* கோப்பில் அது ஃபிளெக்ஸ் (உள்ளே இருப்பவற்றை ஒரே வரியில் அடுக்குவது), நீங்கள் எழுதுவதோ பிளாக். அட்டவணையின் வரியை மறைத்துக் காட்டும்போதும் இதே கதை. பிளாக் போட்டால் நெடுவரிசைகள் குலையும். சிலர் பிளாக்குக்குப் பதிலாக வெற்றுச் சரம் எழுதிப் பார்ப்பார்கள். அது இன்லைனைத் துடைத்துவிட்டுப் பொறுப்பைக் கோப்பிடம் திருப்பிக் கொடுக்கும். கோப்பே 'நன்' என்று சொன்னால் மெனு வராது.

*ஒருதரம் செய்துவிட்டு மறக்கக்கூடிய திருத்தம்.* திறந்த நிலைக்கு ஒரு கிளாஸ் (உறுப்பைச் சிஎஸ்எஸ் விதியோடு இணைக்கும் பெயர்) வைத்து, கிளாஸ்லிஸ்ட்.டாகிள் மூலம் அதைப் போட்டு எடுங்கள். எப்படித் தெரியவேண்டும் என்பதைச் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். திறந்திருக்கிறதா என்று கேட்கவேண்டுமென்றால் கிளாஸ்லிஸ்ட்.கன்டெய்ன்ஸ் போதும். நேரம் இருந்தால் நான் எப்போதும் இதைத்தான் செய்வேன். காட்சியை வாசித்து நிலையை ஊகிக்கும் ஸ்கிரிப்ட் எதுவானாலும் அது என்றோ ஒருநாள் திரும்பி வரும்.

*ஆளைக் கூப்பிடவேண்டிய இடம்.* அந்த ஸ்கிரிப்ட் விலைக்கு வாங்கிய தீமின் (சைட்டுக்கான ஆயத்த வடிவமைப்பின்) கோப்புக்குள் இருந்தால் நேரடியாகக் கைவைக்க வேண்டாம். அடுத்த அப்டேட் உங்கள் திருத்தத்தை அழித்துவிடும். மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களைத் தனியாக வைக்கும் சைல்ட் தீம் அமைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: போனில் மெனுவை மூடிவிட்டுத் திரையைத் திருப்பினால் மெனுவே காணோம்

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. சிறிய திரையில் மூடும்போது ஸ்கிரிப்ட் இன்லைனில் 'நன்' எழுதியது. திரை அகலமானதும் மீடியா குவெரி (திரை அளவைப் பார்த்துப் பொருந்தும் சிஎஸ்எஸ் விதி) ஃபிளெக்ஸ் என்று சொல்கிறது. ஆனால் சாதாரண ஸ்டைல்ஷீட் விதி இன்லைனை வெல்லாது. மடிக்கணினியில் விண்டோவைச் சுருக்கி, மெனுவைத் திறந்து மூடி, மறுபடி அகலமாக்கினால் இதே பிழையை நீங்களே வரவழைத்துப் பார்க்கலாம்.

எலிமெண்ட்ஸ் பகுதியில் அந்த டேக்கை வடிவாகப் பாருங்கள். டிஸ்ப்ளே: நன் என்ற வால் அதன் ஸ்டைல் பண்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். வலதுபுற ஸ்டைல்ஸ் பட்டையில் எலிமெண்ட்.ஸ்டைல் என்ற மேல்பெட்டியில் அது நிற்கும். கீழே மீடியா குவெரியின் ஃபிளெக்ஸ் வரி குறுக்கே கோடு போடப்பட்டிருக்கும். கோடு போட்ட வரி என்றால் தோற்றுப்போன விதி.

திருத்தம்: மெனு.ஸ்டைல்.ரிமூவ்ப்ராபர்ட்டி('டிஸ்ப்ளே'). எப்போது ஓடவேண்டும் என்பதை, திரை அளவு அந்த எல்லையைத் தாண்டும்போது எழும் மேட்ச்மீடியாவின் சேஞ்ச் நிகழ்வில் கட்டிவிடலாம். கிளாஸ் முறைக்கு மாறியிருந்தால் இந்த அறிகுறியே எழாது. கோபத்தில் மீடியா குவெரிக்குள் இம்பார்ட்டன்ட் (சாதாரண விதிகளை வெல்லவைக்கும் குறி) போடுவதும் வேலைசெய்யும்தான். ஆனால் அடுத்த மாதம் அதை வெல்ல இன்னொரு இம்பார்ட்டன்ட் தேவைப்படும்.

அறிகுறி: வாசித்தால் வெற்றுச் சரம், அல்லது கணக்கு நேன் ஆகிறது

'எண் அல்ல' என்று காட்டும் அந்த நேன், சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டுக்குள் வெற்றுச் சரமோ 'ஆட்டோ'வோ போனதன் விளைவு. காரணங்களை இந்த வரிசையில் கழித்து வாருங்கள்.

மதிப்பு ஸ்டைல்ஷீட்டில் இருக்க, நீங்கள் எலிமெண்ட்.ஸ்டைலில் கேட்கிறீர்கள். பெரும்பாலும் இதுவேதான். கம்ப்யூட்டடுக்கு மாற்றினால் 24 பிக்சல் என்று அலகோடு சரமாக வரும். பார்ஸ்ஃப்ளோட் போட்டு எண்ணாக்கிக்கொள்ளுங்கள்.

பண்பின் பெயரை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? புள்ளி வைத்துக் கேட்கும்போது இடைக்கோட்டோடு பேக்ரவுண்ட்-கலர் என்று எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கழித்தல் கணக்காக எடுத்துக்கொள்ளும். இடைக்கோட்டை எடுத்து, அடுத்த எழுத்தைப் பெரிய எழுத்தாக்க வேண்டும். இரண்டு இடைக்கோட்டில் தொடங்கும் சிஎஸ்எஸ் மாறிகளுக்கு அந்த வழியும் இல்லை: வாசிக்க கெட்ப்ராபர்ட்டிவேல்யூ, எழுத செட்ப்ராபர்ட்டி. சாதாரண மாறியில் 2 ரெம் (எழுத்தளவைப் பொறுத்த அலகு) என்று வைத்திருந்தால் கம்ப்யூட்டடில் கேட்டாலும் 2 ரெம் என்றே வரும், பிக்சலாக மாறி வராது. அதை எண் என்று நினைத்து பிக்சலோடு கூட்டியதால் தளவமைப்பு குலைந்த பக்கங்கள் ஏராளம்.

கிரியேட்எலிமெண்ட் செய்த உறுப்பை இன்னும் பக்கத்தில் சேர்க்கவில்லையென்றால் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்கூட வெற்றுச் சரம்தான் தரும். முதலில் அப்பெண்ட், பிறகு வாசிப்பு.

அகலத்துக்கு 'ஆட்டோ' வந்தால் உறுப்பு மறைந்திருக்கிறது, அல்லது அது ஸ்பான் போன்ற இன்லைன் உறுப்பு. மறைந்திருக்கும் உறுப்புக்குக் கோப்பில் 50% என்று இருந்தால் 50% என்றே திரும்பி வரும். அளவு தேவையென்றால் கெட்பவுண்டிங்க்ளையண்ட்ரெக்ட் பயன்படுத்துங்கள், ஆனால் அதுவும் மறைந்த உறுப்புக்குப் பூச்சியம்தான் சொல்லும்.

பார்டர் போன்ற கூட்டுப் பண்பைக் கேட்டால், நாலு பக்கமும் வெவ்வேறாக இருக்கும்போது பதில் வெறுமையாக வரும். பார்டர்டாப்வித் (மேல் ஓரத்தின் அகலம்) என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

முன், பின் போலி உறுப்புகள் (டேக் இல்லாமல் சிஎஸ்எஸ் உருவாக்குபவை) எலிமெண்ட்.ஸ்டைலில் எட்டவே எட்டா. கெட்கம்ப்யூட்டட்ஸ்டைலுக்கு இரண்டாவது மதிப்பாக '::பிஃபோர்' கொடுங்கள். முக்காற்புள்ளிகளை விட்டுவிட்டால் பிரவுசர் சத்தமில்லாமல் அந்த உறுப்பின் சொந்த ஸ்டைலையே தந்துவிடும். பிழைச்செய்தி ஒன்றும் வராது.

அறிகுறி: எழுதினேன், மாறவே இல்லை

கன்சோலில் சிவப்பு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

*சிவப்பு வரி இருந்தால்*, கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் தந்த பொருளின் மேலேயே எழுதப் பார்த்திருக்கிறீர்கள். அது வாசிக்க மட்டும். எழுதுவது எலிமெண்ட்.ஸ்டைலில்.

*சிவப்பு வரி இல்லாமல் மௌனமாக இருந்தால்*, எழுதிய உடனே அதை வாசித்துப் பாருங்கள். வெற்றுச் சரமோ பழைய மதிப்போ வந்தால், நீங்கள் எழுதிய மதிப்பைப் பிரவுசர் நிராகரித்துவிட்டது. அகலத்துக்கு 100 என்று மட்டும் எழுதியிருப்பீர்கள், பிக்சல் இல்லை. அல்லது மதிப்புக்குள்ளேயே ஆச்சரியக்குறி போட்டு இம்பார்ட்டன்ட் எழுதியிருப்பீர்கள், அது செல்லாது. செட்ப்ராபர்ட்டியின் மூன்றாவது மதிப்பாக 'இம்பார்ட்டன்ட்' என்று, ஆச்சரியக்குறி இல்லாமல், தனியாகக் கொடுக்கவேண்டும்.

*இன்லைனில் மதிப்பு ஒழுங்காக இருக்கிறது, ஆனால் திரையில் தெரியவில்லை என்றால்*, ஸ்டைல்ஷீட்டில் யாரோ இம்பார்ட்டன்ட் போட்டிருக்கிறார்கள். இன்லைனை வெல்ல ஸ்டைல்ஷீட்டுக்கு உள்ள வழக்கமான வழி அதுதான். கம்ப்யூட்டட் பட்டையில் அந்தப் பண்பை விரித்தால் எந்தக் கோப்பின் எந்த வரி வென்றது என்று தெரியும். அது உங்கள் கோப்பென்றால் அங்கேயே எடுத்துவிடுங்கள். பிளகினின் (சைட்டில் சேர்த்த துணை மென்பொருளின்) கோப்பென்றால் செட்ப்ராபர்ட்டிதான் சமாதான வழி.

அறிகுறி: தமிழுக்கு மாற்றினால் மெனு உடைகிறது, அகலம் ஒவ்வொரு தடவையும் வேறாக வருகிறது

கொழும்பில் சைட் செய்கிறவர்களுக்கு இது தனிச் சொத்து. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மேலே மூன்று பட்டன். ஆங்கிலத்தில் ஏழு எழுத்தில் முடியும் கொன்டாக்ட், தமிழில் 'தொடர்புகளுக்கு' என்று நீளும். யாரோ ஒருவர் மெனுவின் அகலத்தைத் தொடக்கத்தில் அளந்து, அதை இன்லைனில் பிக்சலாக எழுதி வைத்திருப்பார்.

முதல் காரணம், அந்த எச்சம்தான். மொழி மாறியபின்பும் ஆங்கிலத்துக்கு அளந்த அகலம் இன்லைனில் நிற்கிறது. இப்போது கெட்கம்ப்யூட்டட்ஸ்டைலில் கேட்டாலும் அதே பழைய எண்தான் வரும், ஏனென்றால் வென்றிருப்பது அதுவே. அளப்பதற்கு முன் அகலத்தை வைத்திருக்கும் ஸ்டைல்.வித் என்பதை வெற்றுச் சரமாக்குங்கள், அளவுங்கள், தேவையென்றால் மறுபடி எழுதுங்கள். சோதனை எளிது: எலிமெண்ட்ஸ் பகுதியில் அந்த இன்லைன் அகலத்தைக் கையால் அழித்துப் பாருங்கள். மெனு தானாகச் சரியானால் வேறு காரணம் தேடவேண்டாம்.

அழித்தும் சரிவரவில்லையென்றால் எழுத்துருவைப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் சிங்களா போன்றவை வலையிலிருந்து இறங்கி வரும்வரை பிரவுசர் கணினியில் உள்ள ஏதோவொரு எழுத்துருவைக் காட்டும். அந்த நேரத்தில் அளந்தால் அந்த எழுத்துருவின் அகலம்தான் கிடைக்கும். முதல் வருகையில் மட்டும் பிழையாகி, ரிஃப்ரெஷ் செய்தால் சரியாகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். நெட்வொர்க் பகுதியில் கேஷை நிறுத்தி, வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் பிழை வரும். அளக்கும் வேலையை டாக்குமெண்ட்.ஃபொண்ட்ஸ்.ரெடிக்குப் பின்னால் வையுங்கள். மெனு உயிரோடு இருக்கும் காலம் முழுக்கக் கவனிக்கவேண்டுமென்றால் ரீசைஸ்அப்சர்வர் அதைவிட நல்லது.

அடுத்தது ஸ்டைல்ஷீட்டே பிந்தி வருவது. வேகம் கூட்டும் பிளகின்கள் சிஎஸ்எஸ் கோப்பை அசிங்க்ரனஸாக, அதாவது பக்கத்தைக் காக்கவைக்காமல், ஏற்றிவிடும். எச்டிஎம்எல் வாசித்து முடிந்ததும் எழும் டொம்கன்டென்ட்லோடட் நிகழ்வு அதற்காகக் காத்திருக்கும் என்று நம்ப முடியாது. பிளகினைத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். சரியாகிவிட்டால் அளக்கும் வேலையை விண்டோவின் லோட் நிகழ்வுக்கு மாற்றுங்கள், அல்லது அந்தக் கோப்பை பிளகினின் விலக்குப் பட்டியலில் போடுங்கள்.

டிரான்சிஷன் (மதிப்பு மெல்லமெல்ல மாறும் அசைவு) இருந்தால், கிளாஸைப் போட்ட மறுகணம் வாசிப்பது தொடக்க மதிப்பைத்தான் தரும். நடுவில் வாசித்தால் நடுமதிப்பு. டிரான்சிஷன்எண்ட் வரும்வரை பொறுங்கள்.

இன்னொன்று, கண்ணில் படாமல் போவது. "மாற்றத்துக்கு முன்பிருந்ததைச் சேமித்து வைத்தேன், அதுவும் சேர்ந்து மாறிவிட்டது" என்றால், கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் தந்த பொருளையே மாறியில் வைத்திருக்கிறீர்கள். அது உயிருள்ள பொருள். எப்போது கேட்டாலும் அந்த நேரத்து மதிப்பைச் சொல்லும். பொருளை வைக்காமல் அதன் .வித் சரத்தை எடுத்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் மலிவான போனில் பக்கம் திக்கித்திக்கி நகர்ந்தால், ஸ்கிரிப்டின் சுற்று (லூப்) ஒன்றுக்குள் வாசிப்பதும் எழுதுவதும் மாறிமாறி நடக்கிறதா என்று பாருங்கள். எழுதியபின் அகலத்தைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் பிரவுசர் தளவமைப்பை மீண்டும் கணக்கிடவேண்டிவரும். எல்லாவற்றையும் முதலில் வாசித்து, பிறகு ஒரேயடியாக எழுதுங்கள். இதைப் பெர்ஃபாமன்ஸ் பதிவு பார்த்துப் பிரித்தெடுப்பது ஃப்ரண்ட்எண்ட் அனுபவம் உள்ளவரின் வேலை. பெரிய கடைப் பக்கமென்றால் அவரிடம் விட்டுவிடலாம்.

அறிகுறி: நிற ஒப்பீடு எப்போதும் பொய்க்கிறது

கம்ப்யூட்டட் நிறம் சாதாரணமாக ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல எண்கள்) வடிவில் வரும். 'ரெட்' என்று ஒப்பிட்டால் ஒருநாளும் ஒத்துவராது. இன்லைனிலோ ரெட் என்று எழுதினால் ரெட் என்றே இருக்கும், #ff0000 போன்ற ஹெக்ஸில் எழுதினால் ஆர்ஜிபியாக மாறிவிடும். பின்னணி நிறத்துக்கு நாலு பூச்சியம் வந்தால் அந்த உறுப்புக்குச் சொந்தப் பின்னணி இல்லை, மேல் உறுப்பினுடையதுதான் தெரிகிறது. பார்த்த லிங்கின் நிறம் கேட்டால் பார்க்காத நிறத்தையே பிரவுசர் சொல்லும். வேண்டுமென்றே சொல்லும் பொய் அது: யார் எந்த சைட்டுக்குப் போனார்கள் என்று நிறத்தை வைத்துத் துருவுவதைத் தடுக்க மொசில்லாவின் டேவிட் பேரன் 2010இல் முன்வைத்த மாற்றம், பிறகு மற்றப் பிரவுசர்களிலும் வந்தது. இதைத் திருத்த வழி தேடவேண்டாம்.

அறிகுறி: பிளாக் என்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை

மேல் உறுப்பு மறைந்திருந்தாலும் உள்ளே இருப்பதன் டிஸ்ப்ளே பிளாக் என்றுதான் வரும். எலிமெண்ட்.கெட்க்ளையண்ட்ரெக்ட்ஸ்().லெங்த் பூச்சியமா என்று கேளுங்கள். பூச்சியமென்றால் மேலே ஏறி ஏறி எது மறைந்திருக்கிறது என்று தேடவேண்டியதுதான். பூச்சியமில்லை என்றால் ஒபாசிட்டி, விசிபிலிட்டி, அப்புறம் திரைக்கு வெளியே தள்ளியிருக்கிறதா என்பது.

அறிகுறி: விதிகளை வாசிக்கப்போனால் செக்யூரிட்டிஎரர்

சிஎஸ்எஸ்ரூல்ஸைத் தொட்டதும் சிவப்பு வரி வந்தால், அந்த ஸ்டைல்ஷீட் வேறு டொமைனிலிருந்து வருகிறது. பக்கத்தைச் சேவர் இல்லாமல் கோப்பாகவே குரோமில் திறந்திருந்தாலும் இதே செய்தி வரும். லோக்கல் சேவரில் போட்டுப் பாருங்கள். அது காரணமில்லையென்றால், வாசிக்கும் சுற்றுக்குள் டிரை, கேட்ச் போட்டு அந்தக் கோப்பைத் தாண்டிப் போவது மலிவான வழி. கட்டாயம் வாசிக்கவேண்டுமென்றால் லிங்க் டேக்கில் கிராஸ்ஒரிஜின் பண்பு வேண்டும், மறுபக்கச் சேவரும் அனுமதி ஹெடர் (கோப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்பு) அனுப்பவேண்டும். அந்தச் சேவர் உங்கள் கையில் இல்லையென்றால் கோப்பை உங்கள் டொமைனுக்கே கொண்டுவாருங்கள்.

விதி கிடைத்தபின் ஒன்றைக் கவனியுங்கள்: மீடியா குவெரிக்குள் இருப்பவை மேல்மட்டப் பட்டியலில் வராது. அந்த விதிக்குள்ளே இன்னொரு சிஎஸ்எஸ்ரூல்ஸ் இருக்கும்.

அறிகுறி: என் கணினியில் சரி, சேவரில் ஏற்றினால் இன்லைன் ஸ்டைல் எல்லாம் போய்விட்டது

டேக்கில் ஸ்டைல் பண்பு எழுத்தாக இருக்கிறது, எலிமெண்ட்.ஸ்டைல் வெறுமை. கன்சோலில் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (பக்கத்தில் எதை அனுமதிப்பது என்று சேவர் ஹெடரில் அனுப்பும் பாதுகாப்பு விதி) என்று ஒரு வரி இருக்கும். சேவரின் ஸ்டைல்-எஸ்ஆர்சி விதி இன்லைனைத் தடுக்கிறது. செட்அட்ரிபியூட் மூலம் ஸ்டைல் எழுதினாலும் தடுக்கும். ஆனால் எலிமெண்ட்.ஸ்டைல்.கலர் என்று ஸ்கிரிப்டில் நேரடியாக எழுதுவதைத் தடுக்காது. செட்அட்ரிபியூட் வரிகளை அப்படி மாற்றுங்கள், டேக்கில் கிடப்பவற்றை கிளாஸாக்கிக் கோப்புக்குக் கொண்டுபோங்கள்.

இன்லைன் ஸ்டைல் பக்கங்கள் முழுக்கச் சிதறிக் கிடந்தாலோ பக்கத்தில் கார்ட் கட்டணம் எடுத்தாலோ ஹெடரில் நீங்களே கைவைக்க வேண்டாம். அவசரத்தில் அன்சேஃப்-இன்லைன் சேர்த்தால் பக்கம் உடனே சரியாகிவிடும்; அதற்காக வைத்த காவலும் போய்விடும். ஹோஸ்டிங் பார்ப்பவரிடம் பக்கத்தின் முகவரி, கன்சோலின் அந்தச் சிவப்பு வரி முழுதாக (பாதி வெட்டிய ஸ்கிரீன்ஷொட் உதவாது), பிரவுசரின் பெயர், பதிப்பு எண் ஆகியவற்றை அனுப்புங்கள். எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோவிலும் பிழை வருகிறதா என்பதைப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.